ஏதிலிக் குழந்தைகளின் தந்தை

நுழையும்முன்

போரைத் தொடங்குபவர்கள் பெரியவர்கள். அதன் துன்பத்தை முதலில் சுமப்பவர்கள் குழந்தைகள். வீட்டையும் பெற்றோரையும் நாட்டையும் இழந்து நிற்கும் ஒரு குழந்தையைக் காக்கும் பொறுப்பு யாருடையது? இக்கேள்விக்கு உலக நாடுகள் சட்டத்தால் விடை காண்பதற்கு முன்பே, இந்திய மன்னர் ஒருவர் தம் செயலால் விடை கண்டார். அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாந்த்ராவுக்கு வந்த விருந்தினர்

மும்பையின் மேற்கு இரயில் பாதையில் மாட்டுங்கா ரோடு நிலையத்தில் வண்டி ஏறினால் அடுத்து வருவது மாகிம்; அதற்கும் அடுத்தது பாந்த்ரா. சில நிமிடங்களில் முடிந்துவிடும் பயணம் அது. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், இதே பாந்த்ராவுக்குப் பல ஆயிரம் கிலோமீட்டர் தொலைவைக் கடந்து நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகள் வந்து சேர்ந்தனர். அவர்கள் ஐரோப்பாவில் உள்ள போலந்து நாட்டைச் சேர்ந்தவர்கள். பசியாலும் நோயாலும் அவர்கள் உடல் மெலிந்திருந்தது. பலருக்குத் தாய் இல்லை. பலருக்குத் தந்தை இல்லை. இருவரையும் இழந்தோரும் இருந்தனர். தாம் வந்து சேர்ந்த நகரத்தின் மொழியும் வெயிலும் உணவும் அவர்களுக்குப் புதியவை.

அந்தக் குழந்தைகள் சில மாதங்கள் பாந்த்ராவில் தங்கி உடல்நலம் தேறினர். அதே வேளையில், குஜராத்தின் கடற்கரையில் அவர்களுக்காக ஒரு சிற்றூரே எழும்பிக்கொண்டிருந்தது. அதை எழுப்பியவர் நவாநகர் அரசின் மன்னர் திக்விஜய்சிங்ஜி. நவாநகரின் மன்னர்களை ஜாம் சாகேப் என்று அழைப்பது மரபு. ஆதலால் அவரையும் உலகம் ஜாம் சாகேப் என்றே அறிந்தது.

இளமையும் கல்வியும்

திக்விஜய்சிங்ஜி 1895ஆம் ஆண்டு செப்டம்பர் 18ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையின் உடன்பிறந்தாராகிய ரஞ்சித்சிங்ஜி, இங்கிலாந்து அணிக்காக மட்டைப்பந்து ஆடி உலகப் புகழ் பெற்றவர். இன்றும் இந்தியாவில் நடைபெறும் ரஞ்சிக் கோப்பைப் போட்டி அவர் பெயரைத் தாங்கியதே. ரஞ்சித்சிங்ஜிக்கு மக்கட்பேறு இல்லாததால், தம் உடன்பிறந்தாரின் மகனாகிய திக்விஜய்சிங்ஜியைத் தமக்கு மகனாகத் தத்தெடுத்துக்கொண்டார். ஆகவே தத்துப்பிள்ளையாக வாழ்வது எத்தகையது என்பதைத் திக்விஜய்சிங்ஜி தம் வாழ்விலேயே அறிந்திருந்தார்.

ராஜ்கோட்டில் உள்ள இராஜகுமாரர் கல்லூரியில் தொடக்கத்தில் பயின்ற அவர், பின்னர் இங்கிலாந்துக்குச் சென்று மால்வெர்ன் கல்லூரியிலும் இலண்டனிலும் கல்வி கற்றார். 1919இல் பிரித்தானியப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து 1931 வரை பணியாற்றினார். இளமையில் அவர் சுவிட்சர்லாந்தில் தங்கிய காலத்தில், புகழ்பெற்ற பியானோக் கலைஞரான பதெரெவ்ஸ்கியின் அறிமுகம் அவருக்குக் கிடைத்தது. பதெரெவ்ஸ்கி இசைக்கலைஞர் மட்டும் அல்லர். 1919இல் போலந்தின் தலைமை அமைச்சராகவும் விளங்கியவர். அவர் வழியாகவே போலந்து மக்களின் மீதும் அவர்தம் பண்பாட்டின் மீதும் திக்விஜய்சிங்ஜிக்கு ஈடுபாடு உண்டாயிற்று.

1933ஆம் ஆண்டு ரஞ்சித்சிங்ஜி மறைந்ததும் திக்விஜய்சிங்ஜி நவாநகரின் அரியணை ஏறினார். இந்திய மன்னர்கள் கூடி ஆராயும் மன்னர் அவையின் தலைமைப் பொறுப்பை 1937இல் ஏற்றார். இந்திய மட்டைப்பந்துக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். இத்தகைய பதவிகளும் விருந்துகளும் மட்டுமே அவர் வாழ்வாக அமைந்திருந்தால், இன்று வரலாற்று ஆய்வாளர் சிலரைத் தவிர வேறு எவரும் அவரை நினைத்திருக்கமாட்டார்கள்.

போலந்தின் துயரம்

1939ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் ஜெர்மனி போலந்தின் மீது படையெடுத்தது. இரண்டாம் உலகப்போர் தொடங்கியது. அதே மாதம் 17ஆம் நாள் சோவியத் ஒன்றியத்தின் படைகள் கிழக்குப் பக்கமாகப் போலந்துக்குள் நுழைந்தன. ஒரு நாடு இரண்டாகப் பங்கிடப்பட்டது.

கிழக்குப் போலந்தில் வாழ்ந்த இலட்சக்கணக்கான மக்கள் 1940இலும் 1941இலும் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். முதல் வெளியேற்றம் கடுங்குளிர் நிலவும் பிப்ரவரி மாதத்தில் நிகழ்ந்தது. சரக்கு இரயில் பெட்டிகளில் ஏற்றப்பட்ட குடும்பங்கள் சைபீரியாவுக்கும் கஜகஸ்தானுக்கும் அனுப்பப்பட்டன. அங்கே பெரியவர்கள் காடுகளிலும் பண்ணைகளிலும் கட்டாய வேலை செய்தனர். உணவு போதவில்லை, மருந்து கிடைக்கவில்லை. பெற்றோர் பலர் நோயாலும் பட்டினியாலும் இறந்தனர். எஞ்சிய குழந்தைகள் காப்பார் இன்றித் தவித்தனர்.

1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி சோவியத் ஒன்றியத்தையும் தாக்கியது. நிலைமை மாறியது. இலண்டனில் இயங்கிய போலந்து அரசுக்கும் சோவியத் அரசுக்கும் ஜூலை மாதத்தில் உடன்பாடு ஏற்பட்டது. நாடு கடத்தப்பட்ட போலந்து மக்களுக்கு விடுதலை கிடைத்தது. விடுதலை கிடைத்தபோதும் அவர்கள் திரும்பிச் செல்வதற்கு நாடு இல்லை. அவர்கள் தெற்கு நோக்கி, மத்திய ஆசியாவின் வெப்பமான நகரங்களுக்கு நகர்ந்தனர். அங்கும் கொள்ளைநோய் பரவியது. குழந்தைகளை உடனே வெளியேற்றாவிட்டால் அவர்கள் உயிர் பிழைப்பது அரிது என்னும் நிலை உருவானது. அவர்களை ஏற்கும் நாடு எது?

சட்டம் இல்லாத காலம்

போரில் சிக்கிய குழந்தைகளைக் காக்க வேண்டும் என்னும் எண்ணம் அக்காலத்துக்குப் புதியது அன்று. முதல் உலகப்போர் முடிந்தபின், தோற்ற நாடுகளின் குழந்தைகள் பட்டினியால் வாடுவதைக் கண்டு வருந்தியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த எக்லண்டைன் ஜெப் என்னும் பெண்மணி. எதிரி நாட்டுக் குழந்தையும் குழந்தையே என்பது அவர் கொள்கை. பட்டினியால் வாடும் குழந்தையின் படத்தை அச்சிட்டு இலண்டன் வீதியில் வழங்கியதற்காக 1919இல் அவர் கைது செய்யப்பட்டு, தண்டம் செலுத்த நேர்ந்தது. அவ்வாண்டே குழந்தைகளைக் காப்பதற்கான நிதியம் ஒன்றை அவரும் அவர் தங்கையும் தொடங்கினர். அவர் வரைந்த குழந்தை உரிமைச் சாற்றுரையை 1924ஆம் ஆண்டு நாடுகளின் சங்கம் ஏற்றுக்கொண்டது. இதுவே ஜெனீவாச் சாற்றுரை எனப்படுகிறது. துன்பக் காலத்தில் முதலில் உதவி பெற வேண்டியது குழந்தையே என்பது அதன் ஐந்து கூறுகளுள் ஒன்று.

எனினும் சாற்றுரை வேறு, சட்டம் வேறு. சாற்றுரை ஒரு நல்லுறுதி மட்டுமே. அதை மீறிய நாட்டை எவரும் தட்டிக்கேட்க இயலாது. 1942இல் போலந்துக் குழந்தைகளுக்கு அடைக்கலம் தர வேண்டிய கடமை எந்த நாட்டுக்கும் சட்டப்படி இருக்கவில்லை. உதவுவதும் உதவாமல் இருப்பதும் ஆள்வோரின் மனத்தைப் பொறுத்ததாக இருந்தது.

இந்தியாவின் நிலையும் அப்போது எளிதாக இல்லை. நாடு அயலார் ஆட்சியில் இருந்தது. ஜப்பானியப் படைகள் பர்மாவைத் தாக்கியதால், அங்கு வாழ்ந்த பல இலட்சம் இந்தியர்கள் மலைகளையும் காடுகளையும் கடந்து தாயகம் திரும்பிக்கொண்டிருந்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். வழியில் மாண்டோரும் பலர். போலந்துக் குழந்தைகளை எங்கே தங்கவைப்பது, அவர்களுக்கு ஆகும் செலவை யார் ஏற்பது என்னும் கேள்விகள் எழுந்தன. அந்நிலையில்தான் ஜாம் சாகேப் முன்வந்தார். தம் அரசின் எல்லைக்குள் அக்குழந்தைகளுக்கு இடம் தருவதாக அறிவித்தார். மற்ற மன்னர்களும் வணிகர்களும் பொதுமக்களும் நிதி வழங்கினர்.

நெடிய பயணம்

பம்பாயில் இருந்த போலந்துத் தூதரக அதிகாரி பனசின்ஸ்கியும் அவர் துணைவியார் கிராவும் மீட்புப் பணிக்கு வேண்டியவற்றைச் செய்தனர். நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு சரக்குந்துகள் மத்திய ஆசியாவில் உள்ள அஷ்காபாத் நகருக்குச் சென்றன. திரும்பும்போது அவை குழந்தைகளை ஏற்றிக்கொண்டன. ஈரானின் மலைப்பாதைகளையும் பாலைநிலங்களையும் கடந்து அவை இந்திய எல்லையை அடைந்தன. பின்னர் குழந்தைகள் குவெட்டா, தில்லி வழியாக இரயிலில் பம்பாய் வந்தனர். போலந்தின் புகழ்பெற்ற பாடகி ஹாங்கா ஓர்டோனுவ்னா, தாம் நோயுற்றிருந்தபோதும் குழந்தைகளுக்குத் துணையாக அப்பயணத்தில் வந்தார்.

1942 ஜூலை மாதத்தில் பாந்த்ராவிலிருந்து குழந்தைகள் நவாநகருக்குப் புறப்பட்டனர்.

பாலாச்சடி முகாம்

ஜாம்நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கடலோரத்தில் அமைந்த சிற்றூர் பாலாச்சடி. மன்னரின் கோடைக்கால மாளிகை அங்கே இருந்தது. அதற்கு அருகிலேயே குழந்தைகளின் முகாம் அமைக்கப்பட்டது. தங்குமிடங்கள், சமையற்கூடம், பள்ளி, மருத்துவமனை, வழிபாட்டுக்கூடம், விளையாட்டுத் திடல் ஆகியவை அதில் இருந்தன. போலந்து நாட்டு அருட்தந்தை பிரான்சிஷெக் புளூட்டா முகாமின் பொறுப்பாளராக விளங்கினார். அடுத்தடுத்து வந்த குழுக்களையும் சேர்த்துப் பல நூறு குழந்தைகள் அங்கே வளர்ந்தனர்.

குழந்தைகளை வரவேற்ற நாளில், அவர்கள் இனி அநாதைகள் அல்லர் என்றும், நவாநகர் மக்களின் பிள்ளைகள் என்றும், நவாநகர் மக்கள் அனைவருக்கும் தாம் தந்தை ஆதலால் அவர்களுக்கும் தாமே தந்தை என்றும் மன்னர் கூறினார். குஜராத்தி மொழியில் தந்தையைப் பாபு என்பர். அன்றுமுதல் போலந்துக் குழந்தைகள் அவரைப் பாபு என்றே அழைத்தனர்.

ஜாம் சாகேப் குழந்தைகளுக்கு உணவும் உடையும் கொடுத்ததோடு நின்றுவிடவில்லை. அவர்கள் தம் தாய்மொழியை மறந்துவிடக் கூடாது என்பதில் கருத்தாக இருந்தார். முகாம் பள்ளியில் போலந்து மொழியிலேயே பாடங்கள் நடந்தன. போலந்து மொழி நூல்களைக் கொண்ட நூலகம் அமைந்தது. குழந்தைகள் தம் நாட்டுப் பாடல்களைப் பாடினர். தம் நாட்டு நடனங்களை ஆடினர். தம் சமயப் பண்டிகைகளைக் கொண்டாடினர். சாரணர் இயக்கத்தில் சேர்ந்து பயின்றனர். அவர்கள் நடித்த நாடகங்களை மன்னர் நேரில் வந்து கண்டு மகிழ்ந்தார். அயல்மண்ணில் வாழ்ந்தாலும் தம் மொழியையும் பண்பாட்டையும் இழக்காமல் வளர்வது குழந்தையின் உரிமை என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிறந்த ஊரைவிட்டு வேற்றுமொழி வழங்கும் நகரில் வாழும் குடும்பங்களுக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

முகாமைப் பற்றிய நினைவுகளுள் ஒன்று இன்றும் சுவையாகப் பேசப்படுகிறது. குழந்தைகளின் உடல் வலுப்பெற வேண்டும் என்று நாள்தோறும் கீரை சமைக்கப்பட்டது. அதன் சுவையை விரும்பாத குழந்தைகள் ஒருநாள் ஒன்றுகூடி அதை உண்ண மறுத்தனர். பொறுப்பாளர்கள் சினம் கொண்டனர். செய்தி மன்னரின் செவிக்கு எட்டியது. அவர் குழந்தைகளைக் கடிந்துகொள்ளவில்லை. உணவுப் பட்டியலிலிருந்து கீரையை நீக்கிவிடுமாறு ஆணையிட்டார். இது சிறிய நிகழ்ச்சிதான். ஆயினும் சில மாதங்களுக்கு முன்புவரை ஒரு துண்டு ரொட்டிக்கு ஏங்கிய குழந்தைகள், தமக்கு இது வேண்டா என்று அச்சமின்றிச் சொல்லும் அளவுக்கு மாறியிருந்தனர். தம் சொல்லைக் கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்னும் நம்பிக்கை அவர்களுக்குப் பிறந்திருந்தது.

போலந்து மக்களுக்கு அடைக்கலம் தந்த இடம் பாலாச்சடி மட்டும் அன்று. இன்றைய மகாராட்டிர மாநிலத்தின் கோலாப்பூருக்கு அருகில் வலிவடே என்னும் இடத்தில் 1943இல் மற்றொரு பெரிய முகாம் அமைந்தது. அங்கே பெண்களும் குழந்தைகளுமாக ஏறத்தாழ 5000 பேர் வாழ்ந்தனர்.

யாருடைய பிள்ளைகள்?

1945இல் போர் முடிந்தது. குழந்தைகளின் துன்பமும் முடிந்துவிடும் என்று பலர் எண்ணினர். ஆனால் புதிய சிக்கல் ஒன்று தோன்றியது. போலந்தில் சோவியத் ஒன்றியத்தின் ஆதரவோடு புதிய அரசு அமைந்தது. 1945 ஜூலை மாதத்தில் பிரித்தானியாவும் அவ்வரசை ஏற்றுக்கொண்டது. வெளிநாடுகளில் உள்ள போலந்துக் குழந்தைகள் அனைவரையும் தாயகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று புதிய அரசு கேட்டது.

இக்கோரிக்கை மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமானதே. போலந்துக் குழந்தைகள் போலந்துக்குச் செல்வதில் என்ன தவறு என்று எவரும் கேட்கலாம். உற்றார் உறவினர் உயிரோடு இருந்த குழந்தைகள் சிலர் திரும்பிச் செல்லவே விரும்பினர், சென்றும் சேர்ந்தனர். ஆனால் மற்றவர்களின் நிலை வேறு. அவர்கள் பிறந்த கிழக்குப் போலந்து இப்போது சோவியத் ஒன்றியத்தின் பகுதியாகிவிட்டது. அவர்களுடைய வீடு இருந்த ஊர் போலந்தில் இல்லை. அவர்களைப் பனிக்காட்டுக்கு அனுப்பிய ஆட்சியின் செல்வாக்கில்தான் புதிய அரசு இயங்கியது. திரும்பிப்போக அவர்கள் அஞ்சினர்.

அக்குழந்தைகளின் விருப்பத்துக்கு மதிப்புத் தரும் உலகச் சட்டம் எதுவும் அன்று இல்லை. பெற்றோர் இல்லாத குழந்தையின் மீது அதன் நாட்டு அரசுக்கே உரிமை என்று வாதிட இடம் இருந்தது. ஜாம் சாகேப் அப்போது இருந்த சட்டத்தையே கேடயமாகப் பயன்படுத்தினார். அவரும் அருட்தந்தை புளூட்டாவும் பிரித்தானியத் தொடர்பு அதிகாரி மேஜர் கிளார்க்கும் இணைந்து குழந்தைகளைச் சட்டப்படி தத்தெடுத்தனர். முன்பு அன்பின் காரணமாகப் பாபு என்று அழைக்கப்பட்டவர், இப்போது சட்டத்தின் முன்னும் தந்தை ஆனார். தந்தை உள்ள பிள்ளைகளை அநாதைகள் என்று கூறி வலிந்து அனுப்ப இயலாது. இச்செயலைப் போலந்தின் புதிய அரசு கடுமையாக எதிர்த்தது. அருட்தந்தை புளூட்டாவைக் குழந்தைகளைக் கடத்தியவர் என்று குற்றம் சாட்டியது. எனினும் குழந்தைகள் வலுக்கட்டாயமாக அனுப்பப்படும் ஆபத்திலிருந்து காக்கப்பட்டனர்.

1946இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டது. குழந்தைகள் சிலர் அமெரிக்காவுக்குச் சென்றனர். மற்றவர்கள் வலிவடே முகாமுக்கு மாற்றப்பட்டு, 1948ஆம் ஆண்டுக்குள் பிரித்தானியா, ஆஸ்திரேலியா முதலிய நாடுகளில் குடியேறினர். அவர்களை நான்காண்டுகள் வளர்த்த பாபு, கலங்கிய உள்ளத்தோடு விடைகொடுத்தார்.

விடுதலைக்குப் பின்

இந்தியா விடுதலை பெற்றதும் ஜாம் சாகேப் தம் அரசை இந்திய ஒன்றியத்தோடு இணைத்தார். கத்தியவார்ப் பகுதியின் அரசுகள் ஒன்றிணைந்து சௌராட்டிரமாக உருவானபோது, 1948இல் அதன் இராஜப்பிரமுகர் ஆனார். ஐக்கிய நாடுகள் அவையில் இந்தியக் குழுவில் இடம்பெற்றுப் பணியாற்றினார். கொரியப் போருக்குப் பின் அந்நாட்டின் மறுவாழ்வுக்காக நிதி திரட்டும் ஐக்கிய நாடுகள் குழுவுக்கும் தலைமை தாங்கினார். போரால் சிதைந்தோருக்கு உதவும் பணி அவரை மீண்டும் தேடிவந்தது போலும்!

1966ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள், தம் 70ஆம் அகவையில், அவர் மும்பையில் காலமானார். போலந்துக் குழந்தைகளை முதன்முதலில் வரவேற்ற நகரமே அவருடைய இறுதி மூச்சையும் ஏற்றது.

சட்டம் பிறந்தது

ஜாம் சாகேப் தனி ஒருவராகத் தம் நாட்டில் செய்ததை, உலக நாடுகள் மெல்ல மெல்லச் சட்டமாக்கின. 1949ஆம் ஆண்டு உருவான நான்காம் ஜெனீவா உடன்படிக்கை, போரினால் பெற்றோரை இழந்த அல்லது பிரிந்த 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை ஆதரவின்றி விட்டுவிடக் கூடாது என்று விதித்தது. அவர்களின் பராமரிப்புக்கும் சமய வழிபாட்டுக்கும் கல்விக்கும் வழிசெய்ய வேண்டும் என்றும், அவர்களின் கல்வி இயன்றவரை அவர்தம் பண்பாட்டைச் சார்ந்தவர்களிடமே ஒப்படைக்கப்பட வேண்டும் என்றும் அது கூறியது. பாலாச்சடியில் 1942இலேயே நடந்தது இதுதான். 1950இல் இந்தியா இவ்வுடன்படிக்கையை ஏற்றது.

1978ஆம் ஆண்டு, குழந்தைகளின் உரிமைக்கென்று தனி உடன்படிக்கை வேண்டும் என ஐக்கிய நாடுகள் அவையில் ஒரு நாடு முன்மொழிந்தது. அந்நாடு போலந்து. பத்தாண்டுக்கும் மேலான கலந்தாய்வுக்குப் பின், 1989 நவம்பர் 20ஆம் நாள் குழந்தை உரிமை உடன்படிக்கை நிறைவேறியது. 15 வயது நிரம்பாதவர்களைப் போரில் நேரடியாக ஈடுபடுத்தக் கூடாது என்றும், போரால் பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலும் உள்ளமும் நலம்பெற அரசுகள் உதவ வேண்டும் என்றும் அது கூறுகிறது. குழந்தையைப் பற்றிய முடிவுகளில் அதன் கருத்தையும் கேட்க வேண்டும் என்கிறது. 1992இல் இந்தியா இதில் இணைந்தது. 2000ஆம் ஆண்டு உருவான இதன் விருப்ப நெறிமுறை, 18 வயதுக்கு உட்பட்ட எவரையும் கட்டாயமாகப் படையில் சேர்க்கக் கூடாது என்று மேலும் உறுதி செய்தது. இந்தியா 2005இல் அதையும் ஏற்றது. 15 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் படையில் சேர்த்தமைக்காகக் காங்கோ நாட்டுப் படைத்தலைவர் ஒருவருக்குப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் 2012இல் 14 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. சாற்றுரையாகத் தொடங்கியது தண்டிக்கும் ஆற்றல் பெற்ற சட்டமாக வளர்ந்துவிட்டது.

எனினும் சட்டம் எழுதப்பட்டதாலேயே குழந்தைகளின் துயர் முடிந்துவிடவில்லை. இலங்கையின் உள்நாட்டுப் போரில் குழந்தைகளும் படைகளில் சேர்க்கப்பட்டனர். 1983க்குப் பின் தாய் தந்தையரோடும் தனித்தும் கடல் கடந்து வந்த தமிழ்க் குழந்தைகளுக்கு இராமேசுவரத்தை அடுத்த மண்டபம் முகாம் புகலிடமாயிற்று. இன்றும் உலகின் பல பகுதிகளில் குழந்தைகள் எல்லைகளில் காத்துநிற்கின்றனர். சட்டம் கதவைக் காட்டும். அதைத் திறப்பதற்கு மனிதர் வேண்டும்.

நன்றி மறவா நாடு

குழந்தைகளைக் காத்ததற்கு எவ்வாறு கைம்மாறு செய்வது என்று போலந்துத் தலைமை அமைச்சர் சிகோர்ஸ்கி கேட்டபோது, விடுதலை பெற்ற போலந்தில் ஒரு தெருவுக்குத் தம் பெயரை இட்டால் போதும் என்று ஜாம் சாகேப் கூறினாராம். அவர் வாழ்ந்த காலத்தில் அது நிறைவேறவில்லை. 1989இல் போலந்தில் ஆட்சி மாறிய பின்னரே அவருடைய பெயரை வெளிப்படையாகப் போற்றும் நிலை உருவானது. இன்று வார்சா நகரில் ஒரு சதுக்கம் நல்ல மகாராசாவின் பெயரால் வழங்குகிறது. அந்நகரில் உள்ள உயர்நிலைப் பள்ளி ஒன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. போலந்து அரசு அவர் மறைவுக்குப் பின் அவருக்கு உயரிய விருதை அளித்துச் சிறப்பித்தது.

பாலாச்சடியில் வளர்ந்த குழந்தைகள் முதியவர்களான பின்னும் இந்தியாவை மறக்கவில்லை. தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, தம் இரண்டாம் தாயகத்துக்குப் பலமுறை வந்து சென்றனர். முகாம் இருந்த இடத்தில் இப்போது சைனிக் பள்ளி இயங்குகிறது. போலந்துக் குழந்தைகள் ஓடியாடிய அதே மண்ணில் இந்திய மாணவர்கள் விளையாடுகின்றனர். அங்கே நிற்கும் நினைவுச்சின்னம், வழியற்று வந்த குழந்தைகளை மகவாக ஏற்ற ஒரு மன்னரின் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சொல்லும் பொருளும்

ஏதிலி – தன் நாட்டைவிட்டு வெளியேறி ஆதரவின்றி இருப்பவர்
அடைக்கலம் – புகலிடம்
சாற்றுரை – பலரும் அறிய வெளியிடும் அறிவிப்பு
உடன்படிக்கை – நாடுகள் தமக்குள் செய்துகொள்ளும் ஒப்பந்தம்
கைம்மாறு – செய்த உதவிக்குத் திரும்பச் செய்யும் உதவி
தண்டம் – குற்றத்துக்காகச் செலுத்தும் பணம்
அகவை – வயது
மகவு – குழந்தை

பயிற்சி

அ. சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதுக.

1. போலந்துக் குழந்தைகள் 1942இல் பம்பாயில் தங்கிய இடம் ____
(தாதர், பாந்த்ரா, செம்பூர், மாகிம்)

2. பாபு என்னும் குஜராத்திச் சொல்லின் பொருள் ____
(அரசர், ஆசிரியர், தந்தை, நண்பர்)

3. குழந்தை உரிமைக்குத் தனி உடன்படிக்கை வேண்டும் என 1978இல் முன்மொழிந்த நாடு ____
(இந்தியா, போலந்து, இங்கிலாந்து, ஈரான்)

ஆ. பொருத்துக.

1. 1924 – குழந்தை உரிமை உடன்படிக்கை
2. 1942 – நான்காம் ஜெனீவா உடன்படிக்கை
3. 1949 – ஜெனீவாச் சாற்றுரை
4. 1989 – பாலாச்சடி முகாமின் தொடக்கம்

இ. பிரித்து எழுதுக.

1. கடற்கரை
2. சமையற்கூடம்
3. தாய்மொழி
4. நினைவுச்சின்னம்

ஈ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.

1. திக்விஜய்சிங்ஜிக்குப் போலந்தின் மீது ஈடுபாடு உண்டானது எவ்வாறு?
2. எக்லண்டைன் ஜெப் எதற்காகக் கைது செய்யப்பட்டார்?
3. கீரை உண்ண மறுத்த குழந்தைகளிடம் மன்னர் எவ்வாறு நடந்துகொண்டார்?

உ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.

1. சாற்றுரைக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாடத்தின் துணைகொண்டு விளக்குக.
2. ஜாம் சாகேப் குழந்தைகளைச் சட்டப்படி தத்தெடுத்ததன் காரணம் யாது?

ஊ. சிந்தித்து எழுதுக.

1. போலந்தின் புதிய அரசு குழந்தைகளைத் திரும்பக் கேட்டது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
2. முகாமில் போலந்து மொழியிலேயே கல்வி அளித்தது ஏன் இன்றியமையாதது? நீ வீட்டில் பேசும் மொழியோடு ஒப்பிட்டு எழுதுக.

எ. செயல்பாடு

உன் குடும்பத்தினர் தம் சொந்த ஊரிலிருந்து மும்பைக்கு எப்போது, ஏன் வந்தனர் என்பதைப் பாட்டி, தாத்தா அல்லது பெற்றோரிடம் கேட்டறிக. வந்த புதிதில் அவர்களுக்கு உதவியவர்கள் யார் என்பதையும் கேட்டு, ஒரு பக்க அளவில் எழுதி வகுப்பில் படித்துக்காட்டுக.